புரதத்தின் அசைவை நியூட்ரான் சிதறலால் அளப்பது எப்படி

ஒரு புரதம் மடிவதை நியூட்ரானால் நேரடியாகப் படம் பிடிக்க முடியாது. சிறிய புரதங்கள் மைக்ரோ நொடிகளிலிருந்து சில நொடிகளுக்குள் மடிந்து முடித்துவிடும். ஒரு நல்ல நியூட்ரான் நிறமாலை (மாதிரியில் பட்டுச் சிதறிய நியூட்ரான்களின் ஆற்றல் வரைவு) சேரவோ மணிக்கணக்கில் ஆகும். ஆகவே நாம் அளப்பது சமநிலையில் நிற்கும் நிலைகளை: மடிந்த நிலை, பிரிந்த நிலை, இரண்டுக்கும் நடுவே தளர்ந்து நிற்கும் மோல்ட்டன் குளோபியூல் நிலை. ஒவ்வொரு நிலையிலும் மூலக்கூறு எவ்வளவு பெரிதாக இருக்கிறது, அதன் அணுக்கள் பிகோ நொடி முதல் சில நூறு நானோ நொடி வரை எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பவற்றை நியூட்ரான் சொல்லும். மடிதலை எதிர்த்து நிற்கும் சங்கிலி என்ட்ரோபி (சங்கிலி எத்தனை வடிவங்களில் இருக்க முடியும் என்பதன் அளவு) இந்த அசைவில்தான் இருக்கிறது. படிகக் கட்டமைப்பில் அது தெரியாது.

சோதனை தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் கருவியில் அல்ல, ஆய்வக மேசையில் முடிவாகிறது. மாதிரியில் எத்தனை ஹைட்ரஜன், அவை எங்கே இருக்கின்றன, எந்தக் கால அளவில் நகர்கின்றன என்ற மூன்றுக்கும் தாளில் விடை எழுதிவிட்டுப் பீம் நேரத்துக்கு (நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தக் கிடைக்கும் நேரம்) விண்ணப்பியுங்கள். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் அதற்காகத்தான்.

ஹைட்ரஜன் கணக்கு

ஒத்திசைவற்ற சிதறல் என்பது ஒவ்வொரு அணுவும் தனித்தனியே தரும் சிதறல்; குறுக்குவெட்டு அதன் வாய்ப்பின் அளவு, பார்ன் (10⁻²⁴ சதுர சென்டிமீட்டர்) அதன் அலகு. ஹைட்ரஜனின் ஒத்திசைவற்ற சிதறல் குறுக்குவெட்டு 80.26 பார்ன். கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு 2.05. நைட்ரஜனுக்கு 0.5. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் ஏறத்தாழ சுழி. புரதத்தின் அணுக்களில் கிட்டத்தட்ட பாதி ஹைட்ரஜன் என்பதால், அதன் ஒத்திசைவற்ற சிதறல் முழுவதுமே ஹைட்ரஜனின் குரல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன்கள் சங்கிலி நெடுகப் பரவியிருப்பதால் கிடைப்பது மூலக்கூறு முழுமைக்குமான சராசரி.

கோழிமுட்டையில் உள்ள லைசோசைம் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை சுமார் 14,300. ஹைட்ரஜன் சுமார் 960. அதாவது ஒரு கிராமில் 4 × 10²² ஹைட்ரஜன். இவற்றில் ஏறத்தாழ கால்பங்கு நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகத்தோடு பிணைந்தவை. கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) போட்டால் டியூட்டீரியமாக மாறக்கூடியவை. கார்பனோடு பிணைந்த மீதி முக்கால் பங்கு மாறாது. நாம் பின்தொடரப்போவது அந்த முக்கால் பங்கை.

மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் லைசோசைமைச் சாதாரண நீரில் கரைத்தால், அந்த ஒரு மில்லிலிட்டரில் நீரின் ஹைட்ரஜன் 6 × 10²²-க்கு மேல்; புரதத்தினுடையது 4 × 10²¹. அளப்பது நீரைத்தான். அதே கரைசல் கனநீரில் என்றால் கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜன் ஒரு சென்டிமீட்டருக்கு 0.24 என்ற அளவில் (ஒரு சென்டிமீட்டர் வழியில் நியூட்ரான் சிதறும் வாய்ப்பின் அளவு இது) சிதறும். கனநீரின் ஒத்திசைவற்ற பங்கு சுமார் 0.13. மூன்றில் இரண்டு பங்கு புரதத்தின் குரல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உலர்ந்த புரதத்தை முன்கூட்டியே கனநீரில் ஊறவைத்து மாற்றாமல் நேரே கரைத்தால், மாறக்கூடிய கால்பங்கு ஹைட்ரஜன் கரைசலில்தான் தங்கும். அதன் சிதறல் சென்டிமீட்டருக்கு 0.08, புரதத்தின் குரலில் மூன்றில் ஒரு பங்கு. அது நீரோடு நீராக வேகமாக ஓடும் ஹைட்ரஜன். பொருத்தும்போது அகலமான ஒரு வளைகோடாக வந்து, புரதத்தின் உள்ளசைவு போலவே தோன்றும். கனநீர் மட்டும் உள்ள ஒப்பீட்டு மாதிரியில் அது இல்லாததால் கழித்தாலும் போகாது.

எந்தக் கால அளவு, எந்தக் கருவி

அணு எவ்வளவு வேகமாக அசைகிறதோ அவ்வளவு அகலமாகச் சிதறிய நியூட்ரானின் ஆற்றல் உச்சி விரியும். மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்று: 1 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் அரை அகலம் என்றால் 658 பிகோ நொடி. கருவியின் ஆற்றல் பிரிதிறனைவிட மிக மெதுவான அசைவு எல்லாம் ‘அசையாதது’ என்றே பதிவாகும். கருவியின் வீச்சைவிட மிக வேகமானது தட்டையான பின்னணியாகும்.

லைசோசைமின் பரவல் எண் (முழு மூலக்கூறு எவ்வளவு விரைவாக நகர்ந்து பரவுகிறது என்பதன் அளவு) நீர்த்த கனநீர்க் கரைசலில், அறை வெப்பநிலையில், நானோ நொடிக்கு ஏறத்தாழ 9 சதுர ஆங்ஸ்ட்ராம். கியூ (சிதறலில் நியூட்ரானின் உந்தம் மாறும் அளவு, சிதறும் கோணத்தோடு கூடும்) 1 ஆங்ஸ்ட்ராம்⁻¹ இருக்கும்போது இந்தப் பரவல் மட்டுமே தரும் அரை அகலம் 0.658 × 9 × 1, அதாவது சுமார் 6 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். முழு மூலக்கூறின் சுழற்சி இதற்கு மேல் கூடும். 100 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் பிரிதிறன் உள்ள பறப்புநேரக் கருவியில் (நியூட்ரான் பறக்கும் நேரத்திலிருந்து ஆற்றலை அளப்பது) இந்த அகலம் கண்ணுக்கே தெரியாது. அங்கே பக்கக்கிளைகளின் பிகோ நொடி அசைவுகளே தெரியும். சிலிக்கான் 111 படிகத்தைப் பயன்படுத்தும் பின்சிதறல் கருவியில் (படிகம் நியூட்ரானை வந்த வழியே திருப்பி அதன் ஆற்றலைத் துல்லியமாகப் பிரிப்பது), 6.27 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், பிரிதிறன் 1 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே. அங்கே இது தெளிவாகத் தெரியும். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐஎன்16பி, ஜெர்மனியின் கார்ஹிங்கில் உள்ள ஸ்ஃபியர்ஸ் இந்த வகை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள பேசிஸின் பிரிதிறன் 3.5 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் அளவில்; ஆனால் ஆற்றல் வீச்சு அகலமானது. கரைசலுக்கு வீச்சும் முக்கியம் என்பதால் அது பின்னடைவு அல்ல.

புரதத்தின் இரு பாதிகள் ஒன்றையொன்று நோக்கித் திறந்து மூடும் அசைவு பத்து, நூறு நானோ நொடி ஆகும். அதற்கு ஸ்பின் எக்கோ (நியூட்ரானின் ஸ்பின் திரும்பும் அளவைக் கொண்டு மிகச் சிறிய ஆற்றல் மாற்றத்தை அளக்கும் முறை) வேண்டும். வடிவமும் அளவும் மட்டும் போதும் என்றால் சிறுகோணச் சிதறல் (மிகச் சிறிய கோணங்களில் சிதறியதை மட்டும் அளப்பது) போதுமானது.

ஒரே கருவியில் எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரே மாதிரியை இரண்டு பிரிதிறன்களில் அளந்தால், ஒரு கருவியில் நின்றதாகத் தெரிந்த அணு மற்றொன்றில் நகர்வது தெரியும். அந்த ஒப்பீடு தரும் தெளிவு, ஒரே கருவியில் இரு மடங்கு நேரம் எண்ணினாலும் வராது.

ஈரத்தூள் மாதிரி

தூளில் முழு மூலக்கூறின் பரவல் இல்லை. உள்ளசைவு மட்டும் மிஞ்சும். தொடங்குபவர்களுக்கு இதுவே நல்ல இடம்.

முதலில் டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றி) உப்பை நீக்குங்கள். கடையில் வரும் உறைந்துலர்ந்த புரதத்தில் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கச் சேர்ப்பது) உப்பு கலந்திருப்பது வழக்கம். அது இருந்தால் பின்னால் எடைக்கணக்கு முழுவதும் பொய்யாகும். பிறகு கனநீரில் கரைத்து ஒரு நாள் குளிரில் வைத்து, உறையவைத்து உலர்த்துங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். இறுக்கமான பீட்டா மடிப்புக்குள் புதைந்த அமைடு ஹைட்ரஜன்கள் எளிதில் மாறா. புரதம் தாங்கும் என்றால் கரைசலைச் சற்று வெதுவெதுப்பாக்கினால் மாற்றம் விரைவாகும். தாங்காது என்றால் விட்டுவிட்டு, மாறிய விழுக்காட்டை நிறை நிறமாலையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாஸ்பரஸ் பென்டாக்சைடு வைத்த வெற்றிட உலர்த்தியில் எடை நிலைக்கும் வரை வைக்கவும். அந்த எடைதான் உங்கள் சுழிநிலை. பின் கனநீர் ஆவியில் ஈரமேற்றம். மூடிய பாத்திரத்தில் கனநீரில் கரைத்த தெவிட்டிய உப்புக் கரைசலை வைத்தால் ஈரப்பதம் தானாக நிலைபெறும்: 25 டிகிரியில் பொட்டாசியம் குளோரைடுக்கு சுமார் 84 சதவீதம், பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 94, பொட்டாசியம் சல்ஃபேட்டுக்கு 97. வழக்கமான இலக்கு ஒரு கிராம் புரதத்துக்கு 0.4 கிராம் நீர். ஏறக்குறைய ஓர் அடுக்கு நீர் புரதத்தைச் சுற்றிப் போர்த்தும் அளவு. இதற்குப் பொட்டாசியம் குளோரைடு போதாது, 90 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கனநீர் மூலக்கூறு ஒன்பதில் ஒரு பங்கு கனமானது, 0.4 கிராம் சாதாரண நீரில் உள்ள மூலக்கூறு எண்ணிக்கைக்கு 0.44 கிராம் கனநீர் வேண்டும். எந்தக் கணக்கில் 0.4 என்கிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பழைய அளவீடுகளோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டால் வளைகோடுகள் பொருந்தாமல் போவதுண்டு.

தூளைக் கலனில் நிரப்பும்போது அறைக்காற்றின் ஈரம் சில நிமிடங்களிலேயே கனநீரோடு மாறிக்கொள்ளும். நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் செய்யுங்கள்.

எவ்வளவு தூள்? ஊடுகடத்தல் (சிதறாமல் கடந்து செல்லும் நியூட்ரானின் பங்கு) 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரே நியூட்ரான் இரண்டு மூன்று முறை சிதறும். இதுதான் பல்சிதறல். கோணத் தகவல் கலங்கிவிடும். கனநீரில் மாற்றிய லைசோசைம் தூளும் 0.4 கனநீரும் சேர்ந்து, உலர் புரதத்தின் ஒரு கிராமுக்குச் சிதறல் குறுக்குவெட்டு சுமார் 3 சதுர சென்டிமீட்டர். 90 சதவீத ஊடுகடத்தலுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 மில்லிகிராம். நீண்ட அலைநீளத்தில் ஆற்றல் மாறும் சிதறலும் உட்கவர்தலும் கூடுவதால் 20 முதல் 30 மில்லிகிராமில் நிறுத்துவது பாதுகாப்பு. 3 × 4 சென்டிமீட்டர் பீம் என்றால் 250 முதல் 350 மில்லிகிராம். கூடுதல் புரதம் இருக்கிறதே என்று தடிமனாக நிரப்பாதீர்கள். எண்ணிக்கை கூடும், சேர்ந்த தரவோ கெட்டுப்போகும்.

கலன் அலுமினியத்தால் ஆனது. அதன் முதல் பிராக் விளிம்பு (அதைவிட நீண்ட அலைநீளத்தில் படிகம் கூர்மையான உச்சிகளைத் தராத எல்லை) 4.68 ஆங்ஸ்ட்ராமில் இருப்பதால் 6.27 ஆங்ஸ்ட்ராமில் பிராக் உச்சிகள் தொல்லை தரா. மூடியை இண்டியம் கம்பியால் அடைப்பது வழக்கம். இண்டியம் நியூட்ரானை நன்றாக விழுங்கும், 194 பார்ன். அதோடு கதிரியக்கமும் பெறும். அது பீமின் வழியில் வராதபடி மறைப்புத் தகடு வையுங்கள். திருகாணிகளைக் குறுக்கு எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முதலிலேயே இறுகினால் இண்டியம் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் கசியும். அடைத்ததும் எடை பார்த்து, சில மணி நேரம் வெற்றிடத்தில் வைத்து மறுபடி எடை பாருங்கள். ஒரு மில்லிகிராம் குறைந்தால்கூடத் திறந்து மறுபடி அடைக்க வேண்டும். கருவிக்குள் ஒரு வாரம் போகும்போது அந்தக் கசிவுதான் நீரை முழுதும் குடிக்கும்.

கரைசலும் பிரிந்த நிலையும்

கரைசலுக்கு மில்லிலிட்டருக்கு 50 முதல் 150 மில்லிகிராம் புரதம். கனநீரில் பிஎச் மானி காட்டும் எண்ணோடு 0.4 கூட்டினால்தான் உண்மையான பிடி (pD, கனநீரில் பிஎச்சுக்கு ஈடான அளவு) கிடைக்கும்: 7.4 வேண்டும் என்றால் மானியில் 7.0. சரிசெய்ய டியூட்டீரிய ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் டியூட்டராக்சைடு இரண்டும் வேண்டும். கனநீர் 3.8 டிகிரியில் உறையும் என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்பெட்டியில் 4 டிகிரி என்று வைத்தது காலையில் கட்டியாக இருக்கலாம்.

உப்பைக் குறைவாக வையுங்கள். குளோரின் உட்கவர்தல் 33.5 பார்ன், அது அலைநீளத்தோடு கூடும். சோடியம் கதிரியக்கம் பெற்று 15 மணி நேர அரை ஆயுளோடு நிற்கும். குளோரைடும் அமிலமும் சேர்ந்தால் அலுமினியக் கலனை அரிக்கும். வாயு உண்டாகி மூடி உப்பும். அமிலக் கரைசலுக்குத் தங்கமுலாம் பூசிய கலனைக் கேளுங்கள்.

பிரிந்த நிலைக்கு யூரியா என்றால் மறுபடி ஹைட்ரஜன் கணக்கு. யூரியாவில் நான்கு ஹைட்ரஜன், நான்கும் மாறக்கூடியவை. 8 மோலார் யூரியாவை அப்படியே கனநீரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு கிட்டத்தட்ட 2 × 10²² ஹைட்ரஜன் சேரும். சிதறல் சென்டிமீட்டருக்கு 1.5. 100 மில்லிகிராம் புரதத்தினுடையதைப் போல ஆறு மடங்கு. ஆகவே யூரியாவைக் கனநீரில் கரைத்து உறைந்துலர்த்தலை இரண்டு மூன்று முறை செய்யுங்கள், அல்லது டியூட்டீரியமேற்றியதையே வாங்குங்கள். பழைய யூரியாக் கரைசலில் சயனேட் உண்டாகி லைசின்களோடு வினைபுரியும். அன்றன்று கரையுங்கள், சூடேற்றாதீர்கள். குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் புரதத்தைப் பிரிக்கும். ஆனால் 6 மோலாரில் அதன் குளோரின் மட்டுமே 6.27 ஆங்ஸ்ட்ராமில் மில்லிமீட்டருக்கு 4 சதவீத நியூட்ரானை விழுங்கும். நாங்கள் யூரியாவையே விரும்புவோம்.

8 மோலார் யூரியாக் கரைசலின் பாகுநிலை நீரைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பரவல் குறைந்ததற்குச் சங்கிலி விரிந்தது ஒரு காரணம், பாகுநிலை இன்னொன்று. பாகுநிலையைத் தனியே அளந்து திருத்தாமல் இரண்டையும் பிரிக்க வழியில்லை. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஆல்ஃபா லாக்டால்புமினை எடுங்கள்: பிஎச் 2 அளவிலேயே, எந்த வேதிப்பொருளும் சேர்க்காமல், மோல்ட்டன் குளோபியூலாக நிற்கும். பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான புரதம் கிடையாது.

லைசோசைமைப் பிரிப்பதானால் அதன் நான்கு டைசல்ஃபைடு பாலங்களையும் (சங்கிலியை உள்ளே கட்டும் கந்தகப் பிணைப்புகள்) வேதி ஒடுக்கத்தால் உடைக்க வேண்டும். இல்லையென்றால் யூரியாவிலும் அது முழுதாக விரியாது.

சிறுகோணச் சிதறல்: முதலில் இதைச் செய்யுங்கள்

விரிந்ததா, கூடிக் கட்டியானதா என்று தெரியாமல் அசைவை அளப்பது வீண். 5 மில்லிகிராம்/மில்லிலிட்டர் லைசோசைம் கனநீரில் தரும் முன்னோக்கிச் சிதறல் (கோணம் சுழியை நெருங்கும்போது வரும் சிதறல்) சென்டிமீட்டருக்கு சுமார் 0.065. கனநீரின் பின்னணி 0.05 அளவில். இது அளக்கக்கூடியது. அதே கரைசல் சாதாரண நீரில் 0.035-ஐ ஒட்டிய குரலைத் தரும், பின்னணியோ 1. அதனால்தான் சிறிய புரதத்துக்குக் கனநீரே வழி.

குவார்ட்ஸ் செல்லையே பயன்படுத்துங்கள். போரோசிலிக்கேட் கண்ணாடியில் உள்ள போரான் 767 பார்ன் விழுங்கும். கனநீருக்கு 2 மில்லிமீட்டர் வழி, சாதாரண நீருக்கு 1 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் சாதாரண நீரே 6 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானில் பாதியைத்தான் விடும்.

கினியர் வரைவில் (சிதறலின் மடக்கையைக் கியூ வர்க்கத்துக்கு எதிராக வரைவது) கியூவும் சுழல் ஆரமும் (மூலக்கூறின் அளவைக் காட்டும் சராசரி ஆரம்) பெருக்கினால் 1.3-ஐத் தாண்டாத புள்ளிகளை மட்டும் எடுங்கள். விரிந்த சங்கிலிக்கு இந்த எல்லை இன்னும் குறுகும், 1.0 என்று வைத்துக்கொள்வது நல்லது. மடிந்த லைசோசைமின் சுழல் ஆரம் 14 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரும். முற்றிலும் விரிந்த 129 அமினோ அமிலச் சங்கிலிக்கு 35 ஆங்ஸ்ட்ராம் எதிர்பார்க்கலாம். இடையில் 20 வந்தால் பாலங்கள் உடையவில்லை, அல்லது விரிந்ததும் விரியாததும் கலந்திருக்கிறது. கிராட்கி வரைவு (சிதறலைக் கியூ வர்க்கத்தால் பெருக்கி வரைவது) இதைப் பிரித்துக் காட்டும்: மடிந்ததற்கு மணி வடிவம், விரிந்ததற்கு இறங்காத மேடு. குறைந்த கியூவில் வளைகோடு மேல்நோக்கித் திரும்பினால் திரள். மையவிலக்கியில் மறுபடி சுழற்றி, செறிவைக் குறைத்து அளக்க வேண்டும்.

இரண்டு கூறுகள் சேர்ந்த கூட்டமைப்பு என்றால் மாறுபாட்டுப் பொருத்தம் (நீரின் சிதறலை ஒரு கூறின் சிதறலுக்குச் சமமாக்கி அதை மறைப்பது) உதவும். 42 சதவீதக் கனநீரில் சாதாரணப் புரதம் மறைந்துவிடும். டிஎன்ஏவுக்கு இது 65 சதவீதம் அளவில்.

அளக்கும் வரிசை

ஈரத்தூளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது. வெறுங்கலன், அதே வடிவ வனேடியம் (ஆற்றல் மாறாமல் சிதறும் உலோகம், கருவியின் பிரிதிறனை அளக்க), பின் மாதிரி. மாதிரியை 10 கெல்வினுக்கு இறக்கி அங்கே பிரிதிறன் வளைகோட்டை எடுங்கள். எல்லா அசைவும் உறைந்திருப்பதால் உங்கள் கலன் வடிவத்துக்கே உரிய பிரிதிறன் அதுதான், வனேடியத்தைவிடச் சிறந்தது. பிறகு நிமிடத்துக்கு 0.5 முதல் 1 கெல்வின் வேகத்தில் 300 கெல்வின் வரை ஏற்றிக்கொண்டே மீள்சிதறலை (ஆற்றல் மாறாத சிதறல்) பதிவுசெய்யுங்கள். கருவி அனுமதித்தால் 2 அல்லது 3 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் தள்ளியும் ஒரு சாளரம் (அளக்கும் குறுகிய ஆற்றல் இடைவெளி) வையுங்கள். அசைவின் கால அளவு அந்தச் சாளரத்தைக் கடக்கும் வெப்பநிலையில் ஓர் உச்சி எழும். கடைசியாக, தேர்ந்தெடுத்த நான்கைந்து வெப்பநிலைகளில் முழு நிறமாலை, ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 6 மணி நேரம். உலர்ந்த மாதிரி ஒன்றையும் இதேபோல் அளந்தே ஆகவேண்டும்.

உலர்ந்த மாதிரி ஏன் என்றால், 100 முதல் 150 கெல்வினிலேயே மெத்தில் தொகுதிகள் சுழலத் தொடங்கும். அது உலர்ந்ததிலும் உண்டு. ஈரமானதில் மட்டும் 200 கெல்வினை ஒட்டி இன்னொரு திருப்பம் வரும். 1989-இல் டாஸ்டர், குசாக், பெட்ரி மூவரும் தசைப் புரதமான மயோகுளோபினில் காட்டிய இயக்கமாற்றம் இதுவே. இந்தத் திருப்பத்தின் வெப்பநிலை பிரிதிறனைப் பொறுத்து நகரும். பிரிதிறன் நுட்பமாகும்போது கீழே வரும். எண்ணை எழுதும்போது கருவியின் பிரிதிறனையும் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

277 கெல்வினில் மீள்சிதறல் படியாக விழுந்தால் அது புரதம் அல்ல, கனநீர்ப் பனி உருகுவது. அதிக ஈரமேற்றிவிட்டீர்கள். 0.4-இல் உள்ள நீர் உறைவதில்லை.

கரைசலை உறையவைத்துப் பிரிதிறன் எடுக்க முயலாதீர்கள். பனியின் பிராக் உச்சிகள் வரும், மூடி விரியும், புரதம் கெடும். அங்கே வனேடியமே போதும். பஃபரை மட்டும் கொண்ட ஒப்பீட்டு மாதிரியை அதே கலன், அதே வெப்பநிலை, அதே யூரியா அளவில் எடுங்கள்.

பகுப்பாய்வில் கைநழுவும் இடங்கள்

அணுக்களின் சராசரி இடப்பெயர்ச்சி வர்க்கத்தை மீள்சிதறலின் மடக்கையைக் கியூ வர்க்கத்துக்கு எதிராக வரைந்து எடுக்கிறோம். அடுக்கில் 3-ஆல் வகுக்கும் மரபும் உண்டு, 6-ஆல் வகுக்கும் மரபும் உண்டு. விடையில் இரு மடங்கு வேறுபடும். நேர்கோடு கியூ வர்க்கமும் இடப்பெயர்ச்சி வர்க்கமும் பெருக்கி ஏறத்தாழ 1 ஆகும் வரைதான் செல்லும். இந்தக் கோடு கியூ சுழியில் சுழியைத் தொட வேண்டும். வெப்பநிலை ஏற ஏறக் கீழே இறங்கினால் அது பல்சிதறலின் கையொப்பம், மாதிரி தடிமன்.

கரைசலில் பஃபரைக் கழிக்கும்போது முழுதாகக் கழிக்காதீர்கள். புரதம் பிடித்துக்கொண்ட இடத்தில் நீர் இல்லை. ஒரு கிராமுக்கு 0.73 மில்லிலிட்டர் என்று வைத்தால் 100 மில்லிகிராம்/மில்லிலிட்டரில் 7.3 சதவீதம் குறைத்துக் கழிக்க வேண்டும். கழித்தபின் உயர் ஆற்றல் ஓரத்தில் எதிர்மறை வந்தால் இந்தப் பெருக்கெண்ணை முதலில் சந்தேகியுங்கள். கியூ 2 ஆங்ஸ்ட்ராம்⁻¹ அருகே கனநீரின் கட்டமைப்பு உச்சி இருக்கிறது. அங்குள்ள டிடெக்டர்களைப் பொருத்தலிலிருந்து விலக்குவதே எங்கள் வழக்கம்.

பொருத்தலில் முதலில் வருவது முழு மூலக்கூறின் பரவல்: அதன் அகலம் கியூ வர்க்கத்துக்கு நேர்விகிதம், வரைவு ஆதியைத் தொடும். அதன்மேல் உள்ளசைவுக்கான லோரென்ட்சியன் (நடுவே உச்சியும் இருபுறம் நீண்ட வாலும் உள்ள வளைகோடு) ஒன்று. ஒவ்வொரு கியூவையும் தனித்தனியே கட்டற்றுப் பொருத்தினால் இரண்டும் ஒன்றின் பங்கை ஒன்று திருடும். எல்லாக் கியூவையும் ஒருசேர, பரவல் எண் ஒன்றே என்ற கட்டுப்பாட்டோடு பொருத்துங்கள். பரவல் எண்ணைக் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்ட மதிப்போடு ஒப்பிடுங்கள். செறிவு கூடும்போது அது குறைய வேண்டும், கூடினால் பொருத்திய கணித மாதிரி தவறு.

உள்ளசைவின் மீள்பங்கு (ஆற்றல் மாறாமல் சிதறிய பங்கு) கியூ சுழியில் 1-ஐ நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் பல்சிதறல் அல்லது மாறாமல் மீந்த நீர். கோளத்துக்குள் பரவல் என்ற கணித மாதிரி ஓர் ஆரத்தையும் அசையாத பங்கையும் தரும். மோல்ட்டன் குளோபியூலில் ஆரம் கூடுகிறதா, அசையாத பங்கு குறைகிறதா என்பதே நாம் தேடிவந்த விடை. அசையாத பங்கு என்பது இந்தப் பிரிதிறனுக்கு அசையாதது மட்டுமே. இரண்டு புரத நிலைகளை ஒப்பிடும்போது கருவி, பிரிதிறன், பொருத்தும் ஆற்றல் வீச்சு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் வேறுபாடு புரதத்தினுடையதா கருவியினுடையதா என்று சொல்ல முடியாது.

மூலக்கூறு இயக்கவியல் உருவகப்படுத்தலோடு ஒப்பிட எம்டான்ஸ் போன்ற நிரல் பயன்படும். கணக்கிட்ட வளைகோட்டைக் கருவியின் பிரிதிறனோடு குழைத்த (கருவி அகலப்படுத்துவதுபோல் அகலப்படுத்திய) பிறகே அளவீட்டின்மேல் வையுங்கள்.

ஸ்பின் எக்கோ

இது வேறு உலகம். இங்கே நாம் பார்ப்பது ஒத்திசைவுச் சிதறலை (அணுக்கள் சேர்ந்து தரும் சிதறல்), கியூ 0.03 முதல் 0.25 ஆங்ஸ்ட்ராம்⁻¹ வரை. ஒத்திசைவற்ற சிதறலில் மூன்றில் இரண்டு பங்கு நியூட்ரானின் ஸ்பின்னைப் புரட்டிவிடுவதால் அது எக்கோவைக் கழிக்கும். கனநீரில் ஹைட்ரஜன் மிச்சம் இருந்தால் உயர் கியூவில் குரல் காணாமலே போகும். சில மில்லிலிட்டர் மாதிரி, மில்லிலிட்டருக்கு 10 முதல் 50 மில்லிகிராம், ஒரு செறிவுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகலாம்.

இரண்டு செறிவாவது அளந்து சுழிச் செறிவுக்கு நீட்டுங்கள். மூலக்கூறுகளுக்கு இடையிலான விசையும் நீரோட்ட விளைவும் அப்போதுதான் விலகும். அதே மாதிரியின் ஒளிச்சிதறல் அளவீட்டையும் எடுத்து, மிகக் குறைந்த கியூவின் பரவல் எண்ணாக வையுங்கள். கனநீரின் பாகுநிலை 25 டிகிரியில் சாதாரண நீரைவிட சுமார் 23 சதவீதம் அதிகம் என்பதால் சாதாரண நீரில் எடுத்த எண்ணை அப்படியே போடக் கூடாது. விறைத்த பொருளாகக் கருதிக் கணக்கிட்ட பரவலைவிட, நடுக் கியூவில் அளந்தது மேலே நின்றால் அந்த உபரி உள்ளசைவு. 2008-இல் ஈஸ்ட் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸின் பிளவு திறந்து மூடுவதை இந்த உபரியிலிருந்துதான் கண்டார்கள். உபரி சிறியது. செறிவுத் திருத்தத்தில் 5 சதவீதம் பிழைத்தாலே அதை விழுங்கிவிடும். அதனால் செறிவை 280 நானோமீட்டர் உட்கவர்தலில் அளந்து குறியுங்கள், தராசை மட்டும் நம்பாதீர்கள்.

அளந்து முடித்த பின்

கலன் வெளியே வந்ததும் கதிர்ப்பாதுகாப்பு அலுவலர் பார்த்துச் சொல்லும்வரை தொடாதீர்கள். அலுமினியத்தின் கதிரியக்கம் 2.2 நிமிட அரை ஆயுளில் அடங்கிவிடும். இண்டியத்துக்கு 54 நிமிடம். சோடியம் இருந்தால் நாட்கணக்கு. திறப்பதற்கு முன் எடை பாருங்கள். ஈரம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த எடை சொல்லும், அதுவே ஆய்வுக் கட்டுரையில் எழுதவேண்டிய ஈரப்பிழை. தூளில் ஒரு சிட்டிகையைக் கரைத்து ஒளிச்சிதறலில் திரள் இருக்கிறதா என்று பார்த்து, நொதி என்றால் செயல்திறனையும் சோதியுங்கள். பீமுக்கு முன்பு எடுத்த அதே சோதனையின் எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அளந்த புரதம் எந்த நிலையில் இருந்தது என்பது தெரியும்வரை பொருத்தலைத் தொடங்க வேண்டாம்.